பெயர்ச்சீட்டும் குழுத்தலைப்பும்: திரையிடைச் சொற்களின் உறவும் ஒப்பனையும்

முன்னுரை

ஒரு சொல் தனித்து நின்று பொருள் தருவதினும், பிற சொற்களோடு இயைந்து நின்று பொருள் தருவதே பெரும்பான்மை. எழுவாய் எது, பயனிலை எது, எச்சம் எம்முடிபு கொண்டது என்பன அறியப்படாதவழி, சொற்கள் யாவும் விளங்கியும் தொடர்ப்பொருள் விளங்குவதில்லை. இலக்கணம் கற்ற நமக்கு இது புதிதன்று. ஆயின், கணினித் திரையிலும் கைப்பேசித் திரையிலும் இன்று நாம் நாள்தோறும் காணும் தமிழ்ச்சொற்கள் தொடராக அமையாமல் தனிச்சொற்களாகவே நிற்கின்றன. ‘பெயர்’, ‘ஊர்’, ‘ஆம்’, ‘இல்லை’, ‘சேமி’ என்றாற்போல வரும் அச்சொற்கள் எவற்றோடு இயைந்து பொருள் முடிகின்றன? அவ்வியைபு எவ்வாறு காட்டப்படுகின்றது? அவற்றின் நிறமும் அளவும் இடைவெளியும் அவ்வியைபுக்கு எங்ஙனம் துணை செய்கின்றன, எங்ஙனம் ஊறு செய்கின்றன? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது பொறியியலார்க்கே உரிய துறை, தமிழாய்வார்க்கு ஈண்டு வேலையில்லை எனச் சிலர் கருதலாம். அக்கருத்துப் பொருந்தாது. கல்லூரிச் சேர்க்கை முதல் உதவித்தொகை வரை பற்பல விண்ணப்பங்கள் இன்று திரையின் வழியே நிரப்பப்படுகின்றன. அவற்றிற்குத் தமிழ்ச்சொல் தரும் பணி தமிழ் கற்றாரிடமே வந்து சேர்கின்றது. சொல்லைப் பட்டியலாகத் தந்துவிட்டு, அது நிற்கும் இடத்தை நோக்காது விடுவோமாயின், நாம் தந்த நற்சொல்லும் பயனின்றிப் போகும்.

1. பெயர்களும் பொருளும்

படங்களையும் பெட்டிகளையும் சுட்டியால் தொட்டுக் கணினியை இயக்கும் முறையை வரைகலை இடைமுகம் என்பர். இம்முறை 1981-ஆம் ஆண்டில் ஜெராக்ஸ் ஸ்டார் என்னும் கணினியில் விற்பனைக்கு வந்தது. 1984-ஆம் ஆண்டில் வெளிவந்த மாக்கின்டாஷ் கணினியால் பலரிடையே பரவியது. இதன்கண் பயனர் எழுதியும் அழுத்தியும் தேர்ந்தும் பயன்கொள்ளும் உரைப்பெட்டி, தேர்வுப்பெட்டி, பொத்தான் முதலியவற்றை இக்கட்டுரையில் ‘உறுப்பு’ எனக் குறிப்போம். உறுப்பு இன்னது என உணர்த்தும் சொல், மக்கள் வழக்கில் லேபிள் எனப்படுவது. அதனைப் ‘பெயர்ச்சீட்டு’ என்போம். ஒருதன்மையவாகிய பல உறுப்புக்களைச் சேர்த்துச் சுற்றிலும் கோடிட்டுக் காட்டுவது ‘குழு’. அக்கோட்டின் மேல்விளிம்பில் எழுதப்படும் பெயர் ‘குழுத்தலைப்பு’.

ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்று தானே விலகும் வட்டப் பொத்தானை ரேடியோ பொத்தான் என்பர். பழைய வானொலிப் பெட்டிகளில் ஒரு நிலையத்திற்குரிய பொத்தானை அழுத்தியவுடன் முன்னர் அழுத்தப்பட்டது மேலெழும்பும். அதனால் வந்த பெயர் அது. குழுவாகவன்றித் தனித்து நின்று பயன்படாத உறுப்பு இதுவாகும் என்பதை நினைவிற் கொள்க.

2. உறவே முதல்

பெயர்ச்சீட்டுக்கும் உறுப்புக்கும் உள்ள உறவு இருவகைத்து. ஒன்று கண்ணுக்குப் புலனாகும் உறவு. ‘பெயர்’ என்னும் சொல் ஒரு பெட்டியின் அருகில் நிற்பதனால் அப்பெட்டி பெயர் எழுதுதற்குரியது என அறிகின்றோம். அண்மையில் உள்ளனவும் ஒத்த தோற்றம் உடையனவும் ஒரு தொகுதியாகவே கண்ணுக்குப் படும் என்பதை மாக்ஸ் வெர்தைமர் என்னும் உளநூலார் 1923-ஆம் ஆண்டில் விளக்கினார். ஒரே எல்லைக்கோட்டினுள் அடங்கியனவும் ஒரு தொகுதியாகவே தோன்றும் என்பதை 1992-இல் ஸ்டீபன் பால்மர் எடுத்துக்காட்டினார். குழுவைச் சுற்றிக் கோடிடும் வழக்கிற்கு இது தக்க காரணமாகும்.

மற்றொன்று கருவிக்குப் புலனாகும் உறவு. இது திரையில் தோன்றுவதன்று; திரைக்குப் பின்னுள்ள குறிமொழியில் எழுதப்படுவது. இணையப் பக்கங்களை ஆக்கும் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியின் நான்காம் பதிப்பு 1997-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியாயிற்று. பெயர்ச்சீட்டு, குழு, குழுத்தலைப்பு ஆகிய மூன்றிற்கும் தனித்தனிக் குறிகள் அதன்கண்ணேதான் இடம்பெற்றன. பெயர்ச்சீட்டை உறுப்போடு பிணைக்க இருவழிகள் உள. உறுப்பைப் பெயர்ச்சீட்டினுள்ளேயே அடக்கி எழுதுதல் ஒன்று. உறுப்புக்கு ஓர் அடையாளம் தந்து, ‘இப்பெயர் அவ்வுறுப்புக்கு உரியது’ என வெளிப்படக் கூறுதல் மற்றொன்று. முன்னையது உருபு தொக்க தொடரையும், பின்னையது உருபு விரிந்த தொடரையும் ஒக்கும். உருபு தொக்கு நிற்பினும் விரிந்து நிற்பினும் வேற்றுமைப் பொருள் உண்டு. உறவே இல்லாதவழி இருப்பவை இரு சொற்கள், தொடர் அன்று. கியூட்டி என்னும் கருவித்தொகுதியில் இப்பிணைப்பு, தோழன் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லாற் குறிக்கப்படுவதும் ஈண்டு அறியத்தக்கது.

பிணைப்பின் பயன் யாது? பிணைக்கப்பட்ட பெயர்ச்சீட்டின்மேல் அழுத்தினாலே அதற்குரிய தேர்வுப்பெட்டி குறியேற்கும். உரைப்பெட்டியாயின் எழுதுதற்கு ஆயத்தமாகும். கைந்நடுக்கமுடைய முதியவர் சிறு பெட்டியைக் குறிபார்த்துத் தொட வேண்டுவதில்லை. சொல்லைத் தொட்டாலே போதும். இதனினும் சிறந்த பயன் ஒன்று உண்டு. கண்பார்வையற்றோர் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் திரையைக் கேட்டறிகின்றனர். 2006-ஆம் ஆண்டு முதல் விலையின்றிக் கிடைத்துவரும் என்.வி.டி.ஏ. அத்தகையது, தக்க குரற்கருவியோடு அது தமிழையும் ஒலிக்கின்றது. அம்மென்பொருள் அண்மையைக் காண்பதன்று, பிணைப்பையே காண்பது. பிணைப்பு உளதாயின் ‘பெயர், உரைப்பெட்டி’ என ஒலிக்கும். இலதாயின் ‘உரைப்பெட்டி’ என்று மட்டும் ஒலித்து நிற்கும். எதனை எழுதுவது எனக் கேட்பவர் திகைப்பர். அழகிய எழுத்தில் அருகிலேயே ‘பெயர்’ என எழுதியிருப்பதனால் அவர்க்கு ஆவதொன்றில்லை.

3. குழுத்தலைப்பும் அதிகாரமும்

ஒரு விண்ணப்பத்தில் ‘நிலையான முகவரி’, ‘தற்போதைய முகவரி’ என இரு குழுக்கள் உள்ளன எனக் கொள்வோம். இரண்டன்கண்ணும் ‘தெரு’, ‘ஊர்’, ‘மாவட்டம்’, ‘அஞ்சல் குறியீட்டெண்’ என்னும் அதே நான்கு பெயர்ச்சீட்டுக்கள் வருகின்றன. ‘ஊர்’ என்னும் சொல் ஈரிடத்தும் ஒன்றே, பொருளோ வேறு. அவ்வேறுபாட்டைத் தருவது குழுத்தலைப்பே.

இலக்கண நூல்களில் அதிகாரம் என்பதன் இயல்பை நாம் அறிவோம். தலைமையாக ஓரிடத்துக் கூறப்பட்ட சொல், பின்வரும் நூற்பாக்கள் தோறும் திரும்பக் கூறப்படாமலே வந்து இயைந்து பொருள் முடிக்கும். உரையாசிரியர்கள் ‘அதிகாரத்தான் வருவித்து’ உரைப்பது இதுபற்றியே. குழுத்தலைப்பும் அத்தன்மையதே. ஒருமுறை எழுதப்பட்டு, குழுவில் அடங்கிய உறுப்புத்தோறும் சென்று இயைகின்றது. ‘நிலையான முகவரி’ என்பது ‘ஊர்’ என்பதனோடு இயைந்து ‘நிலையான முகவரியின்கண் உள்ள ஊர்’ எனப் பொருள் தருகின்றது.

அதிகாரத்தின் எல்லை இன்னது எனத் தெளிவாக இருத்தல் வேண்டும்; இன்றேல் மயக்கம் நேரும். குறிமொழியில் குழுவின் தொடக்கமும் முடிவும் எழுதப்படுதலின் எல்லை ஐயமின்றி அமைகின்றது. குழு முழுவதையும் ஒருங்கே செயலிழக்கச் செய்யும் வசதியும் உண்டு. ‘தற்போதைய முகவரியும் இதுவே’ எனப் பயனர் குறியிட்டவுடன், இரண்டாம் குழுவின் உறுப்புக்கள் யாவும் ஒரே ஆணையால் அடங்கிவிடும். அவ்வாறு அடங்கும்போதும், முதற் குழுத்தலைப்பினுள்ளேயே அமைந்த உறுப்பு மட்டும் அடங்காது செயற்படும். எனவே அக்குறியிடு பெட்டியைத் தலைப்பினுள் வைப்பின், பயனர் தம் கருத்தை மாற்றிக்கொள்ள வழி இருக்கும். விதியும் அதற்குப் புறனடையும் ஒருங்கே அமைந்தமை காண்க.

குழுத்தலைப்பு இல்லாதவழி நேரும் கேட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றில் ‘விடுதியில் தங்குகின்றீரா?’, ‘வேறு உதவித்தொகை பெறுகின்றீரா?’ என இரு வினாக்கள் அடுத்தடுத்து உள்ளன. ஒவ்வொன்றன் கீழும் ‘ஆம்’, ‘இல்லை’ என இரு ரேடியோ பொத்தான்கள். வினாக்கள் குழுத்தலைப்பாக எழுதப்படாமல், வெறும் எழுத்தாக மேலே வரையப்பட்டுள்ளன. கண்ணுடையார்க்கு யாதொரு குறையும் தோன்றாது. ஆயின், விசைப்பலகையால் உறுப்பிற்கு உறுப்பு தாவிச் செல்லும் பார்வையற்ற மாணவர் கேட்பன ‘ஆம்’, ‘இல்லை’, ‘ஆம்’, ‘இல்லை’ என்பனவே. எவ்வினாவிற்கு எவ்விடை என்பது அவர்க்கு எட்டவில்லை. தடுமாறி இரண்டாம் வினாவிற்கு ‘ஆம்’ எனக் குறித்துவிடின், தகுதியிருந்தும் உதவித்தொகையை இழப்பார். ஒரு தலைப்பின் பிணைப்புக் குறைவு ஒருவர் கல்வியையே தடுக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

4. ஒப்பனையின் இலக்கணம்

இனி, ஒப்பனையை நோக்குவாம். இணையப் பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் நடைதாள் முறையாகிய சி.எஸ்.எஸ். 1996-ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதலில் நெறிப்படுத்தப்பட்டது. இதன் அமைப்பு இலக்கணம் கற்றார்க்கு வியப்பளிப்பதன்று. ‘பெயர்ச்சீட்டுக்கள் எல்லாம் கருநிறத்தன’ என்பது பொதுவிதி. ‘குழுவினுள் வரும் பெயர்ச்சீட்டுக்கள் நீலநிறத்தன’ என்பது சிறப்புவிதி. இரண்டும் முரணுமிடத்துச் சிறப்புவிதியே வலியுடையது. அது முன்னர் எழுதப்பட்டிருப்பினும் ஆகும். இரண்டும் ஒத்த வலியினவாயின் பின்னர் எழுதப்பட்டது நிலைபெறும்.

நிறமும் எழுத்துருவும் குழுவிலிருந்து அதனுள் அடங்கியவற்றிற்குத் தாமே இறங்கும். எல்லைக்கோடும் ஓரவெளியும் இறங்கா. ஈண்டு ஒரு புறனடை உண்டு. உரைப்பெட்டி, பொத்தான் முதலியவற்றிற்கு உலாவிகள் தாமே ஓர் எழுத்துருவை வகுத்து வைத்துள்ளன. ஆதலின் குழுவிற்குத் தந்த தமிழெழுத்துருவைப் பெயர்ச்சீட்டு ஏற்கும், உரைப்பெட்டி ஏலாது. பெயர்ச்சீட்டில் ஒருவகை எழுத்தும், அருகிலுள்ள பெட்டியில் வேறுவகை எழுத்துமாகத் தமிழ் விண்ணப்பங்கள் தோன்றுதற்கு இது ஒரு காரணமாகும். ‘பெட்டியும் குழுவின் எழுத்துருவையே ஏற்க’ என வெளிப்படையாக விதித்தல் வேண்டும்.

ஒப்பனையும் உறவும் வேறுவேறு என்பதை இரு நிலைகளை ஒப்பிட்டு உணரலாம். குறிமொழியில் முறையாகக் குழுவை எழுதி, நடைதாளில் அதன் கோட்டை நீக்கிவிடின் தோற்றம் மாறும்; குழு மாறாது. மாறாக, பொருளற்ற ஒரு பெட்டியை வரைந்து அழகிய கோடும் தலைப்பும் இட்டால் குழுவின் தோற்றம் உண்டாகும், குழு உண்டாகாது. முன்னையது அணிகலன் களைந்த மெய். பின்னையது மெய்யில்லாத அணிகலன். திரையை மட்டும் நோக்கி மதிப்பிடுவார்க்குப் பின்னையதே சிறந்ததாகத் தோன்றும். இம்மயக்கமே இத்துறையிற் பல பிழைகட்கு வித்தாகும்.

அழகு கருதிச் செய்யப்படும் வேறிரு செயல்களும் ஆராயத்தக்கன. பெயர்ச்சீட்டை நீக்கி, அச்சொல்லைப் பெட்டிக்குள்ளேயே மங்கலாக எழுதிவைத்தல் ஒன்று. பிளேஸ்ஹோல்டர் என வழங்கும் இது பயனர் எழுதத் தொடங்கியவுடன் மறைந்துவிடும். எழுதி முடித்துத் திரும்ப நோக்குவார்க்கு எப்பெட்டி எதற்குரியது எனத் தெரியாது. இதனைப் பெயர்ச்சீட்டுக்கு மாற்றாகக் கொள்ளலாகாது என 2014-ஆம் ஆண்டின் எச்.டி.எம்.எல். ஐந்தாம் பதிப்பே விலக்கியுள்ளது. மற்றொன்று, வெண்புலத்தில் வெளிர்சாம்பல் நிறத்தால் எழுதுதல். 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த இணைய உள்ளடக்க அணுகல் நெறிகளின் இரண்டாம் பதிப்பு, எழுத்துக்கும் புலத்துக்கும் இடையே 4.5:1 என்னும் ஒளிவேறுபாடாவது வேண்டும் என்கின்றது. பெரிய எழுத்தாயின் 3:1 போதும். வெண்புலத்தில் #767676 என்னும் சாம்பல் இவ்வளவை ஒருவாறு எட்டும். அதனின் சிறிதே வெளிறிய #777777 எட்டாது. கட்டாயம் நிரப்பவேண்டிய உறுப்பைச் செந்நிறத்தால் மட்டும் காட்டுதலும் அந்நெறிக்கு மாறானது. நிறம் பிரித்தறிய இயலாதாரும் உளராதலின் ‘கட்டாயம்’ என்னும் சொல்லையும் உடன் எழுதுதலே முறை.

5. தமிழெழுத்தும் ஒப்பனையும்

ஆங்கில இடைமுகங்களில் குழுத்தலைப்பைப் பெரிய வடிவெழுத்தாலும், பெயர்ச்சீட்டைச் சிறிய வடிவெழுத்தாலும் எழுதி வேறுபடுத்துதல் உண்டு. அவ்வொப்பனையை அப்படியே தமிழுக்கு ஏற்றின் விளைவு யாதும் இல்லை. தமிழில் அவ்விருவகை வடிவம் இன்மையின் நடைதாளின் ஆணை வாளா கிடக்கும். தலைப்பும் சீட்டும் ஒன்றாகவே தோன்றும். ஆதலின், தமிழில் அவ்வேறுபாட்டை எழுத்தின் தடிப்பு, அளவு, இடைவெளி ஆகியவற்றாலேயே காட்டுதல் வேண்டும். எழுத்துக்களை அகல விட்டெழுதும் ஒப்பனையும் தமிழுக்கு ஏற்றதன்று. சில மென்பொருள்களில் கொம்பு ஒருபுறமும் மெய் ஒருபுறமுமாகப் பிரிந்து தோன்றக்கூடும்.

இதனினும் கருதத்தக்கது வரியின் உயரம். தமிழெழுத்தில் புள்ளியும் இகர ஈகாரச் சுழிகளும் மேலே எழுகின்றன. உகர ஊகாரக் கீற்றுக்கள் கீழே இறங்குகின்றன. ஆங்கிலத்திற்கு அளந்த குறுகிய பெட்டியில் தமிழை வைத்து, மிகுந்ததை மறைக்குமாறு விதிப்பின் மேலுள்ள புள்ளி வெட்டுண்ணும். ‘கல்வி’ என்னும் பெயர்ச்சீட்டு ‘கலவி’ எனத் தோன்றின் அதன் இழுக்கை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஓலைச்சுவடிகளிற் புள்ளியிடாது எழுதும் வழக்கம் இருந்தமையால், பதிப்பாசிரியர்கள் மெய்யோ உயிர்மெய்யோ எனத் துணியப் பெரிதும் உழைத்தனர். ஓலை கிழியும் என அஞ்சி அன்று விடப்பட்ட புள்ளியை, இன்று ஓரளவுப் பிழையால் இழப்பது பொறுக்கத்தக்கதன்று. பெட்டியின் உயரத்தை எண்ணால் இறுக்காமல், எழுத்துக்கு ஏற்ப வளர விடுதலே இதற்குத் தீர்வாகும்.

குறுக்குவிசையைக் காட்டப் பெயர்ச்சீட்டின் ஓரெழுத்தை அடிக்கோடிடுதல் மற்றோர் ஒப்பனை. ஆங்கிலத்தில் ஓரெழுத்துக்கு ஒரு விசை. தமிழில் ‘கோப்பு’ என்பதன் முதலெழுத்தை அடிக்கோடிட்டால், 1999-ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் அவ்வெழுத்துக்கு ககரமும் ஓகாரமும் ஆகிய இரு விசைகள் வேண்டும். அவ்வடிக்கோடு பயனரைப் பிழைபட வழிநடத்தும். உயிரெழுத்தையோ அகரமேறிய மெய்யையோ தேர்ந்து கோடிடின் இவ்விடர் நீங்கும்.

6. தொடரமைதி

தமிழில் வினைமுற்று தொடரின் இறுதியில் நிற்பது. எதிர்மறையும் இறுதியிலேயே உணரப்படுவது. இடம் போதாதவழிச் சொல்லின் இறுதியை வெட்டி மூன்று புள்ளியிடும் ஒப்பனை பல இடைமுகங்களில் உண்டு. ‘கடவுச்சொல்லை நினைவிற் கொள்ள வேண்டும்’, ‘கடவுச்சொல்லை நினைவிற் கொள்ள வேண்டாம்’ என்னும் இரண்டும் அவ்வாறு வெட்டப்படின், எஞ்சுவது ஒன்றே. உடன்பாடு எது, எதிர்மறை எது எனத் தெரியாமற் பயனர் தேர்வார். எனவே தமிழ்ப் பெயர்ச்சீட்டை வெட்டலாகாது. அடுத்த வரிக்கு மடக்குதலே தக்கது. ‘அஞ்சல் குறியீட்டெண்’ போன்ற நீண்ட பெயர்கள் இருத்தலின், சீட்டைப் பெட்டியின் இடப்புறத்துக் குறுகிய பத்தியில் வைப்பதினும் பெட்டியின் மேலே வைத்தல் பெரும்பாலும் நன்று.

ஒரு குழுவினுள் வரும் சொற்கள் வடிவால் ஒத்திருத்தலும் வேண்டும். ‘சேமி’, ‘நீக்குக’, ‘அச்சிடல்’ என ஏவலும் வியங்கோளும் தொழிற்பெயரும் மயங்கி வருதல் பல இடைமுகங்களிற் காணப்படும் குறை. எவ்வடிவைக் கொள்வது? சொல்லுவோன் யார், கேட்போன் யார் என வினவின் விடை தானே புலப்படும். பொத்தானிலுள்ள சொல் பயனர் கருவிக்கு இடும் ஆணை; ஆதலின் ‘சேமி’, ‘நீக்கு’ என ஏவலொருமை பொருந்தும். பெட்டியின் மேலுள்ள குறிப்பு கருவி பயனர்க்குக் கூறுவது. ஆதலின் ‘பெயரை எழுதுக’ என வியங்கோளாய் வருதலே மரபு. இவ்விரண்டையும் மாற்றி எழுதின், பயனரைக் கருவி ஏவுவதாக முடியும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், திரையிடைச் சொல்லுக்கு உறவு முதலாவது, குழு இரண்டாவது, ஒப்பனை மூன்றாவது என்பது போதரும். ஒப்பனை வேண்டாவென்பது எம் கருத்தன்று. உள்ள உறவைக் கண்ணுக்கு விளக்குவதே ஒப்பனையின் தொழில். இல்லாத உறவை உள்ளதாகக் காட்டுவது அதன் தொழிலன்று.

தமிழில் ஓர் இடைமுகம் செவ்விதின் அமைந்ததா என ஆராய்வார்க்கு மூன்று சோதனைகள் போதும். கண்ணை மூடித் திரைவாசிப்பானால் கேட்டறிதல் ஒன்று. ஒவ்வோர் உறுப்பும் தன் பெயரோடும் குழுத்தலைப்போடும் ஒலிக்கின்றதா என்பது தெரியும். நடைதாளை நீக்கிப் பார்த்தல் மற்றொன்று. ஒப்பனை நீங்கியும் பொருள் நிற்கின்றதா என்பது தெரியும். எழுத்தை 200 விழுக்காடு பெரிதாக்கிப் பார்த்தல் மூன்றாவது. புள்ளியும் இறுதிநிலையும் வெட்டுண்ணாமல் உள்ளனவா என்பது தெரியும். இவற்றிற்குப் பொறியியற் புலமை மிகுதியும் வேண்டுவதில்லை. எம் துறை மாணவர் எவரும் செய்தல் கூடும்.

கலைச்சொற் பட்டியல் தொகுக்கும் நாம், ஒவ்வொரு சொல்லின் எதிரிலும் அது எக்குழுவில், எவ்வுறுப்பின் பெயராக, யார் யார்க்குக் கூறுவதாக நிற்கின்றது என்பதையும் குறித்தல் வேண்டும். சொல்லுக்குப் பொருள் எழுதுவதோடு அமையாது இயைபும் காட்டிச் சென்றனர் நம் உரையாசிரியர்கள். திரையிலுள்ள தமிழுக்கும் அவ்வுரைப்பணி காத்திருக்கின்றது. அதனை நாம் செய்யாதொழியின், ‘ஆம்’ எனவும் ‘இல்லை’ எனவும் மட்டும் கேட்டுத் திகைத்து நிற்கும் மாணவர்க்கு விடை கூறும் கடப்பாடு நம்மையே சாரும்.